விவிடி கோளாறு: ஸ்கேனரா, 12 வோல்ட் வயரா, ஸ்கோப்பா?

விவிடி என்பது எஞ்சின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஓடும்போதே மாற்றும் அமைப்பு. அதில் கோளாறு, செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0011 என்ற கோளாறுக் கோடு வருகிறது. உடனே அந்த அமைப்புக்கு ஆயிலை அனுப்பும் ஆயில் கண்ட்ரோல் வால்வை மாற்றிவிடுவதுதான் பல வொர்க்‌ஷாப்களின் வழக்கம். அது சில வண்டிகளில் பலிக்கும், பலவற்றில் லைட் திரும்பவும் எரியும். ஏனென்றால் இன்டேக் கேம் ஷாஃப்ட் (காற்று வரும் வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஈசியூ எனும் எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட கோணத்தைத் தாண்டி முன்னால் நிற்கிறது என்பதோடு அந்தக் கோடின் பேச்சு முடிந்துவிடுகிறது. பி0012 வந்தால் பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். அதற்குக் காரணம் சிக்கிய வால்வா, அடைத்த வடிகட்டி வலையா, ஆயில் அழுத்தமா, கேமை முன்பின் திருப்பும் ஃபேசர் தேய்ந்ததா என்று கோடு சொல்லாது.

எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஃபேசரைத் திருப்புவதே எஞ்சின் ஆயில்தான். அளவு குறைந்திருந்தாலோ, கசடு பிடித்திருந்தாலோ, 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் ‘கெட்டியா இருந்தா நல்லது’ என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தாலோ, மற்ற எல்லாச் சோதனையும் தப்பான கதையைத்தான் சொல்லும். சரியான ஆயிலும் ஃபில்டரும் போட்டுவிட்டு மேலே போகலாம்.

ஸ்கேனரில் கோடைவிடப் பல மடங்கு உபயோகமானது லைவ் டேட்டா. கேட்கப்பட்ட கேம் கோணம், உண்மையான கோணம், வால்வுக்குப் போகும் டூட்டி சதவீதம் (மின்சாரம் ஆன் ஆகியிருக்கும் நேரப் பங்கு) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டூட்டி ஏறிக்கொண்டே போகிறது, கோணம் அசையவில்லை என்றால், ஈசியூ கட்டளை கொடுக்கிறது, கேம் கேட்கவில்லை என்று அர்த்தம். ஐடிலிங்கில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கோணம் மேலேயே நின்றால், வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கலாம். எஞ்சின் தடுமாறி நின்றும் போகும். சூடு ஏறிய பிறகு மட்டும் பின்தங்கினால் எனக்கு முதலில் ஆயில் அழுத்தத்தின் மேல்தான் சந்தேகம் வரும். இதில் இரண்டு குறைகள் உண்டு. மலிவான இஎல்எம்327 டாங்கிளும் இலவச ஆப்பும் பெரும்பாலும் இந்த அளவுகளைக் காட்டாது, அந்தந்தக் கம்பெனியின் தகவலைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். அப்புறம், நொடிக்குச் சில தடவை மட்டுமே எண் மாறுவதால் கண நேரத் தடுமாற்றம் கண்ணில் படாது.

இந்தச் சோதனைகளில் காசுக்கு அதிகம் தருவது 12 வோல்ட் சோதனை என்பேன். சூடான எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, வால்வின் கனெக்டரைக் கழற்றி, வால்வின் இரண்டு பின்னுக்கும் இடையே பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் சில நொடி கொடுக்க வேண்டும். அதிக நேரம் கொடுத்தால் காயில் சூடாகிவிடும். கொடுத்ததும் எஞ்சின் குலுங்க வேண்டும், அல்லது அணைய வேண்டும். டொயோட்டாவின் விவிடி-ஐ எஞ்சின்களில் கம்பெனி ஸ்கேனர் வழியாகச் செய்யும் ஆக்டிவ் டெஸ்ட்டிலும் எதிர்பார்ப்பது இதையேதான். குலுங்கினால் வால்வு, ஆயில் வழி, ஃபேசர் மூன்றும் ஓரளவு உயிரோடு இருக்கின்றன. வயரிங், கனெக்டர், ஈசியூ பக்கம் திரும்பலாம். ஒன்றுமே நடக்கவில்லையா, வால்வைக் கழற்றிக் கையில் வைத்து அதே 12 வோல்ட் கொடுங்கள். உள்ளே உருளை நகர்ந்தால் வால்வைக் குற்றம் சொல்ல முடியாது. வடிகட்டி வலையையும் ஆயில் அழுத்தத்தையும் பாருங்கள், கடைசியாக ஃபேசர். மல்டிமீட்டரில் காயிலின் தடையையும் பார்க்கலாம், பல டொயோட்டா வால்வுகளில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 7 ஓம் இருக்கும். ஆனால் தடை சரியாக இருப்பதால் மட்டும் வால்வு நல்லது என்று ஆகிவிடாது. கசடில் சிக்கிய உருளைக்கும் அதே 7 ஓம்தான்.

வி6 வண்டி என்றால் வயர்கூட வேண்டாம். இரண்டு பேங்கிலும் (சிலிண்டர் வரிசையிலும்) ஒரே பார்ட் நம்பர் வால்வு இருந்தால் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். பி0011 போய் மற்ற பேங்குக்கான பி0021 வந்தால் வால்வுதான் திருடன். மின் மோட்டார் கேமைத் திருப்பும் விவிடி-ஐஇ போன்ற அமைப்புகளில் மட்டும் இந்த 12 வோல்ட் வேலையெல்லாம் செய்யவே கூடாது.

சரி, மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் எங்கே ஜெயிக்கிறது? பி0016 வந்தால். அது கேமும் கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்ற கோடு. இரண்டு சென்சார் அலைகளையும் ஒரே திரையில் போட்டு, அதே எஞ்சினின் சரியான அலையோடு வைத்துப் பார்த்தால் விலகல் தெரிந்துவிடும். டொயோட்டாவின் 1என்இசட்-எஃப்இ எஞ்சினில் கிராங்க் சென்சார் சக்கரம் 36 பல்லுக்கான இடத்தில் 34 பல் கொண்டது, ஒரு பல்லுக்கு 10 டிகிரி. 36 பல் கேம் சக்கரத்தில், கிராங்கையும் கேமையும் இணைக்கும் செயின் ஒரு பல் தாண்டினால் கிராங்க் கணக்கில் 20 டிகிரி. திரையில் இரண்டு பல் தள்ளி நிற்கும், எண்ணியே சொல்லிவிடலாம். செயின் நீண்டு சில டிகிரி மட்டும் விலகும்போது ஒப்பிட நல்ல அலை கையில் இல்லாவிட்டால் ஸ்கோப்பும் ஊகம்தான். பி0011-க்கு முதல் கருவியாக அதை எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், நேரம் அதிகம் தின்னும்.

டைமிங் கவரைத் திறப்பது கடைசி வழி, செலவும் அதிகம். ஸ்கோப்பில் விலகல் உறுதியானால் திறக்கலாம். வால்வு, வலை, மெக்கானிக்கல் கேஜில் பார்த்த ஆயில் அழுத்தம் மூன்றும் சரியாக இருந்தும் கேம் நகரவில்லை என்றாலும் திறக்கலாம். இன்னொரு நிலை இருக்கிறது, அதில் ஸ்கேனர் வாயே திறக்காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம், பிறகு அமைதி, கோடு எதுவும் இல்லை. எஞ்சின் நிற்கும்போது ஃபேசரைப் பூட்டி வைக்கும் லாக் பின் தேய்ந்தால் இப்படி வரும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரில் ஆயில் வடிந்துபோனாலும் ஏறக்குறைய இதே சத்தம் வரும். இரண்டையும் பிரிக்க, இரவு முழுக்க நின்ற வண்டியில் ஸ்டெதஸ்கோப்பை ஃபேசர் பக்கத்திலும் டென்ஷனர் பக்கத்திலும் வைத்துக் கேட்பதைவிட நல்ல வழி மற்ற எந்தக் கருவியிலும் இல்லை.