நாலடித் தண்ணீரும் நூற்று நாற்பது டைவும்

ஏற்காட்டில் நாங்கள் தங்கிய விடுதியின் நீச்சல்குளம் நாலடி ஆழம். நின்றால் நெஞ்சுக்கு வரும். காலை ஏழு மணி, பனி இன்னும் விலகவில்லை, சுற்றிலும் ஈ காக்கை கிடையாது. துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் படியில் கால் வைக்கப் போனேன்.

“சார், சார்! தனியா இறங்கக்கூடாது சார்.”

சீருடை போட்ட பையன். இருபது வயது இருந்தால் அதிகம்.

“ஏம்ப்பா?”

“சிங்கிளா விடறதில்ல சார். ஃபேமிலியோட வாங்க.”

“ஃபேமிலி தூங்குது.”

“எந்திரிச்சதும் வாங்க சார்.”

“நீதான் இங்கயே நிக்கிறியே, பாத்துக்கயேன்.”

“எனக்கு நீச்சல் தெரியாது சார்.”

“அப்ப லைஃப்கார்டு யாரு?”

“நான்தான் சார்.”

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு ஒரு காபி சொல்லியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பத்து நாளில் என்னைத் தண்ணீரில் தனியாக விடமாட்டேன் என்று சொன்ன மூன்றாவது ஆள் அவன்.

முதல் ஆளிடமிருந்து வருகிறேன். சிட்னிக்குப் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. அங்கே எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போவது. மேன்லி பக்கம் ஷெல்லி பீச் என்று ஒரு சின்னக் கடற்கரை. கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், போனால் பன்னிரண்டு மீட்டர் ஆழம். மீன் பிடிக்கத் தடையுள்ள காப்பகம் என்பதால் மீன்களுக்கு மனுஷன் மேல் பயமே இல்லை. நீல குரோப்பர் என்று ஒரு பெரிய மீன், நியூ சவுத் வேல்ஸின் மாநில மீன், நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். சனிக்கிழமை விடியற்காலையில் கடைக்குப் போவேன். டைவ் பயின்றதற்கான அட்டையைப் பார்ப்பார்கள், சிலிண்டரைக் கொடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். யாரோடு இறங்குகிறாய் என்று என்னை அங்கே ஒருவரும் கேட்டதில்லை. நாற்பது நிமிஷம், நானும் என் மூச்சுச் சத்தமும். வாரம் முழுக்க யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிற மனுஷனுக்கு அதன் அருமை புரியும்.

அதைக் குருட்டுத் தைரியத்தில் செய்யவில்லை. தனியாக டைவ் செய்வதற்கென்றே பயிற்சி இருக்கிறது. எஸ்.டி.ஐ. என்ற டைவ் பயிற்சி அமைப்பு 1999-லேயே அதைத் தொடங்கிவிட்டது. வயது 21 ஆகியிருக்க வேண்டும், கணக்கில் 100 டைவ் இருக்க வேண்டும். பி.ஏ.டி.ஐ. என்ற இன்னொரு அமைப்பில் அதற்கு செல்ஃப் ரிலையன்ட் டைவர் என்று பெயர். அங்கே வயது 18, டைவ் அதே 100. நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று குடிக்கிறோம் என்று கணக்குப் போடச் சொல்லித் தருவார்கள். எது பழுதானாலும் கைவசம் இன்னொன்று வேண்டும் என்பதால் கூடவே ஒரு சின்ன சிலிண்டர், இரண்டாவது மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடுகிற கம்ப்யூட்டரும் இரண்டாவதாக ஒன்று, கத்தி. என் கணக்கு 140-ஐத் தாண்டிவிட்டது, அட்டையும் இருக்கிறது.

அந்த அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டுதான் ஏப்ரல் விடுமுறைக்கு சேலம் வந்தேன். ஊருக்கு வருகிறோம், நம் கடலையும் பார்த்துவிடலாம் என்று ஆசை. பாண்டிச்சேரியில் ஒரு டைவ் கடைக்கு அம்மா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு.

“சார், உங்களுக்குப் படி இருக்காங்களா?” என்றது எதிர்முனை. ஜோடி டைவரைத்தான் அவர்கள் பாஷையில் அப்படிச் சொல்கிறார்கள்.

கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “படியா? பரண் மேல கிடக்குது கண்ணு. ஆழாக்குகூட இருக்கும். இப்ப எதுக்கு?”

அம்மாவுக்கு விளக்கி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டார்கள். படி இல்லை, தனியாகத்தான் இறங்குவேன், அதற்கு அட்டை இருக்கிறது என்றேன்.

“இருக்கட்டும் சார். சோலோ எல்லாம் இங்க கிடையாது.”

இந்த ‘இருக்கட்டும்’ இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எந்த அமைப்பின் அட்டை, எத்தனை டைவ், கடைசியாக எப்போது இறங்கினாய், ஒரு கேள்வி இல்லை. கல்யாண வீட்டில் மொய்க் கவரை வாங்கி எண்ணாமல் பைக்குள் போடுவார்களே, அந்த மாதிரி ஓர் ‘இருக்கட்டும்’. கூட ஒரு வழிகாட்டி வருவார், அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம், மெடிக்கல் ஃபாரம் அனுப்புகிறேன், பூர்த்தி செய்து கொண்டுவாருங்கள். முடிந்தது. நியாயமாகச் சொன்னால், சிட்னியிலும் படகு டைவ் என்றால் ஜோடி சேர்த்தே விடுகிற கடைகள் உண்டு. ஆனால் அந்த நியாயம் அன்று நினைவுக்கு வரவில்லை.

ஃபாரத்தில் முதல் பக்கம் பத்துக் கேள்வி. எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் நம் கையெழுத்தே போதும். எனக்கு 47. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குக் கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று கேட்கிற கேள்வியில் மாட்டிக்கொண்டேன், கொழுப்புக்கு மாத்திரை போடுகிறேன். அங்கே ‘ஆம்’ என்று எழுதினால் டாக்டர் கையெழுத்து வேண்டும். சிட்னியில் வாங்கிய சான்றிதழ் போன மாதத்தோடு காலாவதி.

சின்ன வயதில் எனக்கு ஊசி போட்ட டாக்டரிடமே போனேன். இன்னும் அதே மர மேஜை, அதே டோக்கன் வில்லை, நோயாளி நாற்காலியில் அதே கிழிசல். டோக்கன் முப்பத்திரண்டு. ஒன்றரை மணி நேரம் கழித்து உள்ளே போனால், ஃபாரத்தைக் கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை, போட்டு ஒரு தடவை படித்தார்.

“கடலுக்கு அடியில போறதுக்கு நான் எப்படிப்பா கையெழுத்துப் போடறது? அம்மாவுக்குத் தெரியுமா?”

நாற்பத்தேழு வயசு ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? தெரியும் என்றேன். படி விஷயம் வரை தெரியும் என்பதைச் சொல்லவில்லை. சிட்னியில் இதற்கென்றே படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். காதுக்குள் பார்ப்பார், ஊதச் சொல்வார், இருபது நிமிஷத்தில் கையெழுத்து. இவர் இ.சி.ஜி. எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்ததும் எக்கோ என்றார். கடைசியில் பேனாவைத் திறந்துகொண்டே, “தண்ணிக்குள்ள போய்ப் பாக்கணும்னா இங்க மேட்டூர் இல்லியா? தனியா மட்டும் போயிடாத” என்றார். ஆள் இரண்டு.

ஆனால் மேட்டூரைச் சொன்னதும் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அணை 1934-ல் கட்டி முடித்தது. பண்ணவாடிப் பக்கம் கோயிலும் தேவாலயமும் தண்ணீருக்குள் போய்விட்டன. நீர்மட்டம் நன்றாக இறங்குகிற வருஷங்களில் முதலில் தேவாலயக் கோபுரம் தலை காட்டும், அப்புறம் நந்தி. அப்பா ஒரு கோடையில் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். வெடித்த சேற்றில் நடந்து போய் நந்தியின் முதுகைத் தொட்டேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. 120 அடியும் நிறைந்திருக்கும்போது அதே நந்திக்கு எதிரே முட்டி போட்டு மிதக்க வேண்டும் என்பது பதினாலு வருஷக் கனவு. எவனும் அனுமதி தரமாட்டான். அது வேறு கதை.

கையெழுத்து வந்ததும் மறுபடி போன் போட்டேன், இந்தத் தடவை வாசலுக்கு வந்து. பேசியது மூத்த பயிற்றுநர், ஒரு பெண்மணி. அட்டையைப் பற்றி இவர் கேட்டார். கேட்டதோடு விடாமல், “சின்ன சிலிண்டர் கொண்டுவந்திருக்கீங்களா சார்? ரெண்டாவது மாஸ்க்? கம்ப்யூட்டர்?” என்றார்.

கொண்டுவரவில்லை. முப்பது கிலோவில் சொந்தக்காரர்களுக்கான மீன் எண்ணெய் மாத்திரை டப்பாக்களே ஐந்து கிலோ. அட்டை மட்டும் இருக்கிறது, அட்டை கேட்கிற சாமான் ஒன்றுகூட இல்லை.

“அப்ப நீங்களே சொல்லுங்க சார்,” என்றார். வங்கக் கடலில் ஒரு நாள் இருக்கிற தெளிவு மறுநாள் இருக்காது, நீரோட்டம் இழுத்தால் ஒற்றை ஆளின் குமிழியைப் படகிலிருந்து தேடுவது லேசில்லை என்றும் சொன்னார். முதல் ஆள் இதில் பாதியைச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. “டைவ் முடிச்சு எங்க போறீங்க?”

“சேலம். ராத்திரி ஏற்காட்டுல ரூம் போட்டிருக்கு.”

“ஏற்காடு எத்தனை மீட்டர் சார்?”

நூற்று நாற்பது டைவ் செய்தவனுக்குச் சுருக்கென்றது. டைவ் முடித்து உடனே விமானம் ஏறக்கூடாது என்பது முதல் வகுப்பிலேயே சொல்வது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும், அதற்குள் மேலே போய் அழுத்தம் குறைந்தால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். விமானம் என்றே மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் அந்தக் கணக்கு 2,000 அடியிலிருந்தே தொடங்குகிறது. ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18. சேலம் 300 மீட்டருக்குள், பிரச்சினை இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர், கிட்டத்தட்ட 5,000 அடி. சின்ன வயதில் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறிய அந்த இருபது கொண்டை ஊசி வளைவும் விமானத்துக்குச் சமம் என்று பாண்டிச்சேரியில் ஒருவர் சொல்லித்தான் எனக்கு உறைக்க வேண்டியிருந்தது. சிட்னிக் கடையில் இதுவரை யாரும் அப்புறம் எங்கே போகிறாய் என்று என்னைக் கேட்டதில்லை.

டைவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டும் நன்றாகவே போயின. வழிகாட்டி மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என் காற்றுமானியை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார், பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பார்ப்பது மாதிரி.

கடைசியாக மேலே வந்தபோது மணி பதினொன்று. 18 மணி நேரம் கூட்டினால் மறுநாள் காலை ஐந்து. ஆத்தூர் தாண்டி டீ குடிக்க நிறுத்திய இடத்திலிருந்து விடுதிக்குப் போன் செய்து, இன்று வர முடியாது, நாளைக் காலை வருகிறோம், ஒரு நாள் வாடகையைக் கழித்துக்கொள்ள முடியுமா என்றேன்.

“ஏன் சார், என்ன பிரச்சினை?”

“உடம்புல நைட்ரஜன் இருக்குங்க. மலை ஏறக்கூடாது.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “எங்க ரூம்ல ஏ.சி.யே கிடையாது சார்,” என்றார். கேஸ் கசிவு என்று நினைத்துவிட்டார் போல. ஒரு நாள் வாடகை போனது போனதுதான்.

இப்படி வாடகையை இழந்து, பதினெட்டு மணி நேரத்துக்கு மேலேயே காத்திருந்து மலை ஏறி, அதற்கடுத்த நாள் காலையில்தான் நாலடிக் குளத்தின் ஓரத்தில் அந்தப் பையன் முன்னால் நின்றேன். அட்டையைக் காட்டலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன், அவ்வளவு தூரம் புத்தி போயிருந்தது. ஒன்பது மணிக்கு மனைவியும் பிள்ளைகளும் எழுந்து வந்தபோது குளத்தில் இரண்டு வேன் கூட்டம் இறங்கியிருந்தது. நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. குடும்பமாக வந்திருந்தார்கள், அதனால் அனுமதி.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வாழப்பாடிப் பக்கம் பெரியப்பா தோட்டத்துக்குப் போனேன். முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி என்னை நீச்சல் பழக்கிய கிணறு. தண்ணீர் பாதிக்குக் கீழே, பச்சையாக, பாம்புச் சட்டை ஒன்று ஓரத்தில் மிதந்தது. பெரியப்பாவுக்கு எண்பதாகப் போகிறது. அவரிடம் ஒரே சட்டம், அப்போதும் இப்போதும்: மேட்டில் ஆள் இல்லாமல் ஒருவரும் இறங்கக்கூடாது. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, பேப்பரும் கையுமாகத் துலாக்கல்லில் உட்கார்ந்தார்.

“நான் பாத்துக்கறேன், நீ எறங்குடா.”

குதித்து அடிவரை போனேன். சிலிண்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. காதில் குளிர் ஏறியது, காலில் சேறு தட்டியது, ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வந்தேன். அடியைத் தொட்டதற்கு அதுதான் சாட்சி, அந்தக் காலத்தில் அதைக் காட்டினால்தான் பெரியப்பா நம்புவார்.

சேற்றுக் கையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் துலாக்கல்லில் பேப்பர் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. மேட்டில் ஆளே இல்லை.

மோட்டார் ரூமுக்குள்ளிருந்து சத்தம் வந்தது: “மூணு பேஸ் கரண்ட் வந்துருச்சு. எவ்வளவு நேரம்டா உள்ளயே இருப்ப? ஏறு, மோட்டார் போடணும்.”