கொழும்பில் செடித் தொட்டிக்கு காஸ் செட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் செடித் தொட்டி, அதாவது தண்ணீருக்குள் செடி வளர்க்கிற மீன் தொட்டி, வைத்திருப்பவர்களும் வைக்க யோசிப்பவர்களும் இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆனால் எனக்கு விற்ற அதே செட், அந்தச் செடிகளுக்குக் காபனீரொட்சைட்டு காஸ் விடுகிற செட், இன்றைக்கும் அங்கே கண்ணாடி அலுமாரியில் விற்பனைக்கு இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. இரண்டரை அடித் தொட்டி, ஏறக்குறைய நூறு லீட்டர். உள்ளே ரொட்டாலா, மொன்டே கார்லோ, நம் நாட்டுக்கே உரிய வென்ட்டி கிரிப்டோ என்று செடிகள், கூடவே செரி பார்ப் மீன்கள், அவையும் இலங்கைக்கே உரியவை. கிரிப்டோவுக்குத் தனியாக காஸ் தேவையில்லை, ஆனால் மொன்டே கார்லோ தரையில் படர்ந்து வர காபனீரொட்சைட்டு இருந்தால்தான் சரிவரும். அதற்காக 65,000 ரூபாய் கொடுத்து முழு செட் எடுத்தேன். இரண்டு கிலோ புது சிலிண்டர், அழுத்தத்தை இரண்டு படியாகக் குறைக்கிற “இரட்டை நிலை” ரெகுலேட்டர், மின்சாரத்தில் திறந்து மூடுகிற சொலனாய்ட் வால்வு, காஸை நுண்குமிழிகளாக விடுகிற டிஃபியூசர், தண்ணீரில் காஸ் எவ்வளவு என்று நிறத்தால் காட்டுகிற டிராப் செக்கர். கடைக்காரரே வீட்டுக்கு வந்து பூட்டித் தந்தார். “தம்பி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் வரும், முள்ளைப் பாருங்க, நிறையக் காட்டுது தானே” என்றார்.

சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டரின் முள் 70 பாருக்குக் கிட்ட நின்றது உண்மைதான். அந்த முள்ளில்தான் முதல் ஏமாற்றே. சிலிண்டருக்குள் காபனீரொட்சைட்டு திரவமாக இருக்கிறது. கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்தது இல்லை. நம்முடைய வீட்டுச் சூட்டில், 28, 29 பாகையில், இரண்டு கிலோ இருந்தாலும் அந்த முள் 70 காட்டும், ஒரு கிலோ இருந்தாலும் அதே 70 காட்டும். காஸ் விற்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இனி டிராப் செக்கர் விஷயம். தொட்டிக்குள் தொங்குகிற அந்தச் சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் கார்பனேட் கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்திருக்கிற கார்பனேட்டின் அளவு) சரியாக 4 பாகை உள்ள கரைசலும் புரோமோதைமோல் நீலம் என்கிற நிறம் மாறும் மையும் இருக்க வேண்டும். அப்போதுதான் பச்சை என்றால் லீட்டருக்கு 30 மில்லிகிராம் அளவு காபனீரொட்சைட்டு என்று அர்த்தம். நீலம் என்றால் குறைவு, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. எனக்குப் பூட்டித் தந்தவர் குமிழுக்குள் என் கண் முன்னாலேயே குழாய்த் தண்ணீரை நிரப்பி இரண்டு துளி மை விட்டார். “எல்லாம் ஒன்றுதான் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்று இல்லை! கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது. பிறகு டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தபோது என் வீட்டுத் தண்ணீரில் கடினத்தன்மை வெறும் 2. அப்படியானால் அதே பச்சை நிறம் 15 மில்லிகிராமிலேயே வந்துவிடும். காஸ் பாதிதான் போகிறது, குமிழ் மட்டும் பச்சையாக எல்லாம் நல்லபடி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அந்த வாரங்களில் நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ரொட்டாலாவின் கீழ் இலைகள் கரைந்து கொட்டின, மொன்டே கார்லோ மஞ்சளாகிப் பிய்ந்து மிதந்தது, மரக்கட்டையிலும் கிரிப்டோ இலை ஓரங்களிலும் கறுப்புத் தாடிப் பாசி பிடித்தது. கடையில் போய்க் கேட்டால், “பச்சை காட்டுதா? அப்ப காஸில் பிழை இல்லை, உரம் போதாது” என்று ஒரு போத்தல், அடுத்தமுறை பாசி மருந்து இன்னொரு போத்தல், அப்புறம் லைட்டை மாற்றச் சொன்னார்கள். ஒரு தடவைகூட அந்தக் குமிழுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. ஊற்றியவர்களுக்குத் தெரியும் தானே.

மூன்றாம் மாதம் முடியும் முன் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. டிஃபியூசரிலிருந்து குமிழிகள் எண்ண முடியாத வேகத்தில் பொங்குகின்றன, குமிழ் மஞ்சள். வால்வை மூடி, காற்று மோட்டாரைப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். அப்படியும் சிவப்பேறி நின்ற ஆண் செரி பார்ப்கள் பெரும்பாலும் தரையில் பக்கவாட்டில் கிடந்தன. அவற்றை வலையில் எடுத்தது இன்னும் மனதை அறுக்கிறது. நடந்தது இதுதான்: திரவம் தீர்ந்து சிலிண்டர் அழுத்தம் இறங்கும்போது ஒற்றை நிலை ரெகுலேட்டரில் வெளியே போகிற அழுத்தம் ஏறிவிடும், மிச்ச காஸ் முழுவதும் தொட்டிக்குள் கொட்டும். இரட்டை நிலையாக இருந்திருந்தால் இரண்டாவது நிலை அதைப் பிடித்து வைத்திருக்கும். எனக்கு விற்றதில் இரண்டு மீட்டர்கள் இருந்தன, அவ்வளவுதான். இரண்டு மீட்டர் இருந்தால் இரட்டை நிலை ஆகிவிடாது. ஒன்று சிலிண்டருக்குள் இருக்கிற அழுத்தம், மற்றது வெளியே போகிற அழுத்தம், ஒற்றை நிலையிலும் இரண்டும் இருக்கும்.

ஆறு மாதம் வரவேண்டியது ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று கேட்டதற்கு “உங்க வீட்டில லீக்” என்றார்கள். சவர்க்காரத் தண்ணீர் பூசி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன், ஒரு நுரைக் குமிழிகூட வரவில்லை. அதனால் திரும்ப நிரப்பக் கொடுக்கும்போது பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வெறும் சிலிண்டரை வைத்தேன்: 5.4 கிலோ. நிரப்பி வந்த பிறகு அதே தராசில் 6.3. இரண்டு கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு 900 கிராம் போட்டிருக்கிறார்கள்! சமையல் காஸ் வாங்கும்போது நிறை பார்த்து வாங்குகிற நமக்கு, இதற்கும் தராசுதான் ஒரே வழி.

அந்தக் காஸும் தீர்ந்த பிறகு வேறு இடத்தில் நிரப்பலாம் என்று தொழிற்சாலைகளுக்கு காஸ் நிரப்புகிற இடத்துக்குக் கொண்டு போனேன். அங்கே வேலை செய்கிற அண்ணன் சிலிண்டரைத் தொட்டதுமே முகத்தைச் சுளித்தார். சாவியால் தோள் பகுதியில் பெயின்டைச் சுரண்டினார். வெள்ளைக்குக் கீழே தடிப்பான சிவப்பு, அதற்கும் கீழே இரும்பில் அடித்த எழுத்துகள். வெற்று நிறை 5.4 கிலோ, கடைசி அழுத்தச் சோதனை 2011. பழைய தீயணைப்புக் கருவியின் சிலிண்டரைப் பெயின்ட் அடித்துப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். “இதை நாங்க நிரப்ப மாட்டோம் தம்பி, வீட்டிலயும் வைக்காதீங்க” என்றார். அழுத்தச் சோதனை ஐந்து வருடத்துக்கு, கூடினால் பத்து வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது. அம்மா படுக்கிற அறைக்குப் பக்கத்தில் இத்தனை மாதம் அது நின்றிருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

ஏற்கெனவே அப்படி ஒரு செட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே சிலிண்டரின் தோளைப் பாருங்கள். எழுத்துகள் பெயின்டில் புதைந்திருந்தால் சுரண்டி வெற்று நிறையையும் சோதனை ஆண்டையும் வாசியுங்கள். அவை இல்லாவிட்டால் அதை மேலும் நிரப்ப வேண்டாம். டிராப் செக்கர் கரைசலை வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லீட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1.2 கிராம் சமையல் சோடா கரைத்தால் 40 பாகை, அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வடித்த நீர் சேர்த்தால் 4. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும், அவசரப்பட்டு வால்வைத் திறக்காதீர்கள். காஸை லைட் எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து, லைட் அணைவதற்கு முன்பே மூடுங்கள். சிலிண்டரை மாதம் ஒருமுறை நிறுங்கள், கடைசி இருநூறு கிராம் வரும்போது நிரப்பக் கொடுத்துவிடுங்கள், முள் அடிமட்டத்துக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பில்லில் “காஸ் செட்” என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். என் பில்லில் அது மட்டும்தான் இருந்தது, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் எடுத்துச் சொன்னபோது முதலில் கேட்டதே பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான். சிலிண்டர் புதிதா பழையதா, எத்தனை கிலோ காஸ், சோதனை ஆண்டு, ரெகுலேட்டர் ஒற்றை நிலையா இரட்டை நிலையா, எல்லாவற்றையும் கடைக்காரர் கையால் எழுதி முத்திரை குத்தி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் காசைக் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.