இரண்டு வருட ஏரோ பாரும் வெள்ளவத்தைத் தையல்காரரும்

இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாடு வந்த 2022இல், வரிசையில் நின்று களைத்துப்போய் வாங்கிய சைக்கிள் என்னுடையது. பழைய இரும்பு ஃபிரேம், கீழே வளைந்த ஹாண்டில், என் கைக்கு வர முன்னர் இரண்டு பேர் ஓடியது. வேலைக்குப் போகத்தான் வாங்கினேன். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் அதை விட மனம் வரவில்லை.

கூட்டாளிகள் சிலர் ஞாயிறு விடியலில் பத்தரமுல்லைப் பக்கம் 20 கிலோமீற்றர் ரைம் ட்ரயல் வைப்பார்கள்; தனித்தனியாக ஓடி நேரத்தைப் பார்க்கும் போட்டி. ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக விடுவார்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு ஒளியக் கூடாது. அதற்காகத்தான் காற்றுத் தடையைக் குறைக்கும் 'ஏரோ' சாமான் தேட ஆரம்பித்தேன். இரண்டு வருடமாகப் பாவித்ததில் எது உழைத்தது, எது மூலையில் கிடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மட்டமான ரோட்டில் மணிக்கு 35 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது நாம் மிதிப்பதில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். அந்தக் காற்றுத் தடையிலும் ஏறக்குறைய முக்கால்வாசி ஓடுபவரின் உடம்பால் வருவது. பத்து இலட்ச ரூபாய் ஃபிரேம்களைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஆகவே முதல் செலவு, உடம்பைத் தாழ்த்தி ஒடுக்க, சாதாரண ஹாண்டிலில் பூட்டும் கிளிப்-ஆன் ஏரோ பார். முழங்கை இரண்டையும் பஞ்சுத் தட்டில் வைத்து, கைகளை முன்னால் நீட்டிப் பிடிக்கும் அந்த இரட்டைக் கொம்பு. 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் கடைசி நாளில், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையான 24.5 கிலோமீற்றர் ரைம் ட்ரயலில், முதலிடத்தில் இருந்தவருக்கு 50 செக்கன் பின்தங்கியிருந்த கிரெக் லெமோண்ட் இப்படியொரு பாரைப் பிடித்துக்கொண்டு ஓடி, மொத்தத்தில் 8 செக்கனால் வென்றார். முதலிடத்தை இழந்த லோரன் ஃபிஞ்ஞோனிடம் ஏரோ பார் இல்லை, ஹெல்மட் இல்லை, குதிரைவால் முடி வேறு. நான் வாங்கியது பெயர் தெரியாத அலுமினியப் பார், 11,500 ரூபாய்.

இணையத்தில் விற்றவர் 'எல்லா ஹாண்டிலுக்கும் பொருந்தும்' என்றார். பொருந்தவில்லை. ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் 31.8 மில்லிமீற்றர், கூட வந்த பிளாஸ்ரிக் வளையத்தைப் போட்டால் 26. என் பழைய ஹாண்டில் 25.4. மூன்றாம் நாள் கொழும்பின் கடலோர வீதியான மரைன் டிரைவில் ஒரு குழியில் இறங்கியதும் வலது தட்டு சடாரென்று கீழே சுழன்றது; என் நாடி ஹாண்டிலில் முட்டாமல் தப்பியது அதிர்ஷ்டம். பிறகு குளிர்பான ரின்னைக் கத்தரித்து, ஓரத்தை உரஞ்சி, ஹாண்டிலைச் சுற்றி மூன்று சுற்றுக் கொடுத்து இறுக்கினேன். ரின் தகடு பத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்பு; மூன்று சுற்றுக்குக் கணக்குச் சரியாக வந்தது. இரண்டு வருடமாக அசையவில்லை. வாங்கமுதல் உங்கள் ஹாண்டிலின் விட்டத்தை அளந்துவிடுங்கள். கார்பன் ஹாண்டில் என்றால் அதில் கிளாம்ப் பூட்ட அனுமதி உண்டா என்றும் பாருங்கள்.

பாரைப் பூட்டினால் போதும் என்று நினைத்ததுதான் என் பெரிய பிழை. நாலே நாலு தரம் பழகிவிட்டு முதல் ஓட்டத்துக்குப் போனேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் கழுத்து இறுகி, தலையை நிமிர்த்த முடியவில்லை. சீட்டில் இருக்கும் இடம் மரத்துப்போனது இன்னொரு பக்கம். மிச்சத் தூரத்தை நிமிர்ந்திருந்து, காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு ஓடி முடித்தேன். 36 நிமிடம் 55 செக்கன். பார் இல்லாமலேயே அந்த நேரம் வந்திருக்கும்.

அதன் பிறகு சீட்டை இரண்டு சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளி, அதன் மூக்கைச் சற்றுத் தாழ்த்தினேன். முழங்கைத் தட்டுகளை ஒரேயடியாக இறக்காமல், அவற்றுக்குக் கீழுள்ள வளையங்களை மாதத்துக்கு ஒன்றாகக் கழற்றி இறக்கினேன். தம்பி போனில் முன்னாலிருந்து வீடியோ எடுப்பான். பார்த்தால் முழங்கை இரண்டும் கோழி இறக்கை மாதிரி விரிந்திருக்கும். அவற்றை உள்ளே கொண்டுவரவே இரண்டு மாதம் பிடித்தது. அடுத்த வருடம் அதே ரோட்டில் 34 நிமிடம் 47 செக்கன். உடம்பும் கொஞ்சம் தேறியிருந்தது, முழுப் புகழையும் பாருக்குக் கொடுக்க மாட்டேன்.

பழகுவதற்கு மரைன் டிரைவ்தான் என் இடம், காலை ஐந்தரைக்கு. வாகனம் நெரியும் காலி வீதியில் (Galle Road) ஏரோ பாரில் படுத்துக்கொண்டு போகும் எண்ணமே வேண்டாம். பிரேக் எட்டாத தூரத்தில் இருக்கும், பஸ்ஸோ நாயோ அறிவித்துவிட்டு வராது. மரைன் டிரைவிலும் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் ஒரு வித்தியாசமான தொல்லை உண்டு. கடல் பக்கமிருந்து காற்று விலாவில் அடிக்கும், நாமும் அதற்குச் சாய்ந்துகொண்டே போவோம். ரோட்டுக்கும் கடலுக்கும் இடையில் உள்ள பாதையில் ரயில் வந்தால் காற்று சட்டென்று அறுந்து, சைக்கிள் கடலை நோக்கி இழுபடும். கடைசிப் பெட்டி கடந்ததும் காற்று திரும்ப அறையும். அந்த அறையை ஒருமுறை வாங்கிய பிறகு முன்சில்லுக்கு, பக்கக் காற்றைப் பிடிக்கும் ஆழமான ரிம் வாங்கும் யோசனையைக் கைவிட்டேன்.

இரண்டாவது செலவு உடுப்பு. உடம்போடு ஒட்டும் ரேஸ் ஸ்கின்சூட் உடுப்பின் விலையைப் பார்த்துவிட்டு, இருந்த ஜேர்சியை வெள்ளவத்தையில் ஒரு தையல்காரரிடம் கொண்டுபோய், கையையும் இடுப்பையும் ஒட்டப் பிடிக்கச் சொன்னேன். போட்டுக் காட்டியதும் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "தம்பி, இதுக்குள்ளை மூச்சு விடேலுமோ?" என்று கேட்டார். 600 ரூபாய். தோளில் துணி படபடக்கும் சத்தம் நின்றுபோனது. நான் செலவழித்த காசில் இதுதான் மிக நல்ல காசு. முதுகு இலக்கத்தையும் நாலு ஊசியில் தொங்கவிடாமல் எட்டு ஊசி குத்துங்கள்.

ஹெல்மட்டில்தான் ஏமாந்தேன். நீண்ட வால் வைத்த பழைய ரைம் ட்ரயல் ஹெல்மட் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். தலையைக் குனிந்தால் வால் வானத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் அது காற்றைப் பிடிக்கும் பாய். காற்றோட்டத் துளை பேருக்குத்தான். கொழும்புப் புழுக்கத்தில் தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே ஹெல்மட்டின் முன் கண்ணாடியில் நீராவி படிந்துவிட்டது. விற்றுவிட்டு, வால் இல்லாத, துளை குறைந்த ரோட் ஹெல்மட்டுக்கு மாறினேன். பழைய ஹெல்மட் வாங்குவதே யோசிக்க வேண்டிய விஷயம், விழுந்து வெடித்த நுரை வெளியே தெரியாது.

மற்றவை சில்லறை. லைக்ரா சப்பாத்து உறை மலிவு, பரவாயில்லை. லேற்றெக்ஸ் ரியூப் நன்றாக உருளும், ஆனால் ஒரு இரவிலேயே காற்று இறங்கும். ஓட்ட நாளுக்கு மட்டும் போடுகிறேன். 20 கிலோமீற்றருக்குப் போத்தல் தேவையில்லை, கூட்டையும் கழற்றிவிட்டு முன்கூட்டியே குடித்துவிடுவேன்.

கடல் காற்றில் பாரின் ஆணிகள் ஆறு மாதத்தில் துருப்பிடித்தன. துருப்பிடிக்காத ஆணி மாற்றி கிறீஸ் பூசினேன். வியர்வை குடித்த பஞ்சு ஒரு வருடத்தில் தூளாகக் கொட்டியது. பழைய ரப்பர் செருப்பை அளவுக்கு வெட்டி ஒட்டியிருக்கிறேன், முதல் பஞ்சைவிட நன்றாக இருக்கிறது.

சென்ற கிழமை அலுவலகக் கூட்டாளி ஒருவன் தன் முதல் ஓட்டத்துக்கு அந்தப் பாரைக் கடன் கேட்டான். ஓட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ரின் தகட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். நேற்றிரவு செய்தி அனுப்பியிருந்தான்: "மச்சான், கழுத்துக்கு என்ன எண்ணெய் பூசுறது?"