கண்கட்டிக்கு வெந்நீரா, ஐஸா, நாமக்கட்டியா?

சென்ற பங்குனியில் என் இடது மேல் இமையில் கண்கட்டி வந்தது. இமைமயிரின் அடியில் சிவந்த பரு ஒன்று, தொட்டால் சுள்ளென்றது. பாளையங்கோட்டை வீட்டில் உடனே மூன்று கட்சிகள் உருவாயின. ஆச்சி நாமக்கட்டியை உரைக்கச் சொன்னார்கள். மைத்துனன் ஐஸ் கட்டியோடு வந்து நின்றான். நான் வெந்நீரின் பக்கம் சாய்ந்தேன். இன்றும் அதே பக்கம்தான்.

நாமக்கட்டி பூசியதும் குளிரும். காய்ந்தால் தோலை இழுக்கும், துகள் உதிர்ந்து கண்ணுக்குள் விழும். அவ்வளவுதான். உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூட்டோடு இமையில் வைப்பது ஆச்சியின் இன்னொரு வைத்தியம். வழி சரி, ஆனால் அந்தச் சூடு இரண்டு நொடிகூட நிற்காது.

சங்கதியே சூடு நிற்பதில்தான் இருக்கிறது. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைத்துக் கிருமி தொற்றுவதால்தான் கண்கட்டி வருகிறது. உறைந்த எண்ணெய் இளகி வழிவிட, மிதமான சூடு ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் படவேண்டும். நாளுக்கு மூன்று நான்கு வேளை. முதல் நாள் ஒரே முறை நனைத்த துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஓரிரு நிமிடத்தில் ஆறிப்போய், வெறும் ஈரத்துணியாகக் கிடந்தது. மறுநாள் பிளாஸ்கில் வெந்நீரும், பழைய வேட்டியில் கிழித்த இரண்டு துண்டுகளும் எடுத்துவைத்தேன். ஒன்று கண்ணில், ஒன்று கிண்ணத்தில். மணிக்கட்டில் சூடு பார்த்து மாற்றி மாற்றி ஒற்றினேன். நான்காம் நாள் தானே உடைந்து வடிந்தது. பிதுக்கவில்லை; பிதுக்கினால் தொற்று பரவும். கண்கட்டி பெரும்பாலும் தானாகவே ஆறக்கூடியது என்பதால், பெருமை முழுவதையும் வெந்நீருக்கே கொடுக்க மாட்டேன்.

அரிப்போடு வரும் ஒவ்வாமை வீக்கத்துக்குக் குளிர் ஒத்தடம்தான் பொருத்தம். ஆனிக் காற்றின் புழுதியில் மகளுக்கு இரண்டு கண்ணும் வீங்கியபோது, ஐஸைத் துணியில் சுற்றி வைத்தோம், அடங்கியது. ஒரே ஒரு முறை பார்த்ததை வைத்து அதற்குமேல் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்து, அதை நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம்.

இரண்டு நாள் ஒத்தடத்துக்கும் குறையாமல் வீக்கம் பெருத்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும். பார்வை மங்கினாலும், காய்ச்சல் வந்தாலும், விழியை அசைக்க வலித்தாலும், கண் முன்தள்ளினாலும், சிவப்பு கன்னத்துக்கு இறங்கினாலும் அன்றே போகவேண்டும். கைக்குழந்தைக்கு வீங்கினால் வீட்டில் எதையும் செய்து பார்க்க வேண்டாம். ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. 1988 முதல் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. தூரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. வலியில்லாத உருண்டை வாரக்கணக்கில் நின்றால் அவசரமில்லை, ஆனாலும் காட்டிவிடலாம். தினமும் விடியும்போது இரண்டு இமையும் உப்பி, காலும் வீங்கியிருந்தால், முதலில் சிறுநீரகத்தைப் பரிசோதிக்கவேண்டும்; அந்த வீக்கம் எந்த ஒத்தடத்துக்கும் கேட்காது.