கோனுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் ஒரே பிரேக் பேட்: ஸ்விஃப்ட்டில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

காரைத் திருவொற்றியூரில் நிறுத்தி, வாரநாள்களில் எண்ணூர் விரைவு சாலையில் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் அதே காரை, தரையில் வைத்த கோன்களுக்கு இடையே நேரம் பார்த்து ஒவ்வொரு காராக ஓட்டும் அமெச்சூர் ஆட்டோகிராஸிலும் இறக்குபவருக்கு எந்த பிரேக் பேட் பொருந்தும்? சில ஆண்டுகளாக மூன்று வகை பேட்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேயும்வரை பயன்படுத்திய பிறகு நான் வந்தடைந்த முடிவு, கடையில் பொதுவாகச் சொல்லப்படுவதற்கு மாறானது. பேட் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைவிட, சூடேறாத நிலையில் முதல் மிதியிலேயே அது எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். கார், பெட்ரோல் ஸ்விஃப்ட். முன்புறம் டிஸ்க், பின்புறம் டிரம். எஞ்சினிலும் சஸ்பென்ஷனிலும் எந்த மாற்றமும் செய்யவில்லை.

இதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஓட்டுநரையும் சேர்த்து வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன். கோன்களுக்கு இடையே 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, 20-க்குக் குறைத்துத் திரும்பினால், பிரேக் உள்வாங்க வேண்டிய இயக்க ஆற்றல் சுமார் 123 கிலோஜூல். அதில் 70 விழுக்காட்டுக்குச் சற்று மேல் முன்சக்கரங்களுக்குப் போகிறது என்று கொண்டால், ஒவ்வொரு முன் டிஸ்க்குக்கும் 44 கிலோஜூல் அளவில் வரும். 4 முதல் 5 கிலோ வரை எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க்கை இது ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ்தான் சூடாக்கும். ஒரு நிமிடத்தை ஒட்டிய ஓட்டத்தில் அப்படி ஏழெட்டு முறை மிதித்தாலும், சென்னை வெயிலில் 40 டிகிரியில் புறப்படும் டிஸ்க், இடையில் காற்று பட்டு ஆறுவதை அறவே விட்டுவிட்டால்கூட, 200 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். உண்மையில் அதற்கும் வெகு கீழேயே இருக்கும். அடுத்த முறை வரும்வரை வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அந்தச் சூடும் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் பந்தய ஓடுதளத்தில் 140-இலிருந்து 60-க்குக் குறைப்பதோ இதைப்போல் ஐந்து மடங்கு ஆற்றல், அதுவும் சுற்றுக்குச் சுற்று ஓய்வில்லாமல். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்கு, பிரேக் என்றாலே கொதிப்பும் புகையும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் அது வேறு விளையாட்டு, வேறு பேட்.

முதலில், காருடன் வந்த கம்பெனி பேட். இது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஆர்கானிக் வகை. மிதியின் முதல் அங்குலத்திலேயே பிடிக்கத் தொடங்கி, கால் அழுத்த அழுத்தச் சீராகக் கூடிக்கொண்டே போகும். மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே நகர்ந்து நகர்ந்து நிற்கும்போது இந்தச் சீர்மையின் அருமை தெரியும். கோன்களுக்கு இடையிலும் நான் குறை கண்டதில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கும் அளவுக்கு டயரைப் பிடித்துவிட இந்த பேட்டால் முடிந்தது என்றால், அதற்கு மேல் உராய்வைக் கூட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. காரை நிறுத்துவது இறுதியில் டயர்தான். தேய்மானம் சற்று வேகமாக இருந்தது, அலாய் வீலில் கரும்பொடி படிந்தது என்பவை மட்டுமே இதன் குறைகள்.

அது தேய்ந்த பிறகு, ஏறத்தாழ மூன்று மடங்கு விலையில், வெளிநாட்டுத் தயாரிப்பான செமி மெட்டாலிக் பேட் ஒன்றைப் போட்டேன். விலை உயர்ந்த இந்த பேட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் மிதித்தால் பிடி மந்தமாக இருக்கும். இரண்டு மூன்று முறை அழுத்திச் சூடேற்றிய பிறகு திடீரென்று கடுமையாகக் கடிக்கும். சாலையில் இதற்குக் கால் பழகிவிடும். கோன்களுக்கு இடையில்தான் சிக்கல்: முதல் திருப்பத்துக்கு முன் ஒரு பேட், ஐந்தாம் திருப்பத்துக்கு முன் இன்னொரு பேட் இருப்பதுபோல் நடந்துகொண்டால், எந்த இடத்தில் மிதிக்க வேண்டும் என்ற கணக்கு எப்படி நிலைக்கும்? மேலும், முன்புற உராய்வு கூடும்போது அதே வேகக் குறைப்புக்குக் குறைவான பிரேக் ஆயில் அழுத்தமே போதுமாகிறது. அந்தக் குறைந்த அழுத்தமே பின் டிரம்முக்கும் போவதால் பின்சக்கரங்களின் பங்கு சுருங்கி, முன்சக்கரங்கள் முன்னதாகவே டயரின் எல்லையைத் தொட்டுவிடுகின்றன. வண்டி மூக்கை அழுத்திக்கொண்டு நேராகப் போகப் பார்க்கும், ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. நம் நாட்டில் ஆட்டோகிராஸ் பல சமயம் மண் தரையில்தான் நடக்கிறது. டயரின் பிடிப்பே பாதியாகிவிடும் அந்தத் தரையில் கடுமையாகக் கடிக்கும் பேட் உதவியல்ல, இடைஞ்சல்.

அதைவிடப் பெரிய குறையைக் கடற்காற்று காட்டிக்கொடுத்தது. செமி மெட்டாலிக் பேட்டில் இரும்பு இழைகள் கலந்திருக்கும். கடலோரத்தில் நிறுத்தும் காரில், வடகிழக்குப் பருவமழை நாள்களில் டிஸ்க்கில் துரு படிவது எந்த பேட்டுக்கும் பொதுவானது, சில மிதிகளில் அது போய்விடும். ஆனால் இந்த பேட்டின் உராய்வுப் பரப்பிலேயே துரு ஏறி, ஒருநாள் நிறுத்தி வைத்தாலும் டிஸ்க்கோடு லேசாக ஒட்டிக்கொண்டு, நகரும்போது ‘டப்’ என்று விடுபட்டது. இரண்டாம் மழைக்காலத்துக்குப் பின் கழற்றிப் பார்த்தபோது, பேட்டைத் தாங்கும் இரும்புப் பின்தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் இடையே துரு புகுந்து ஓர் ஓரம் தூக்கியிருந்தது. பேட்டில் தடிமன் பாதிக்கு மேல் மிச்சம். இருந்தும் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. வாங்கிய கடையில் கேட்டதற்கு, கடலோரத் துருவுக்கு உத்தரவாதம் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். கடலோரத்தில் வசிப்பவர்கள் பேட் வாங்கும்போது பின்தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா, வெறும் பெயின்ட்தானா என்று பார்ப்பது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

மூன்றாவதாகப் போட்ட செராமிக் பேட்டைப் பற்றிச் சொல்லக் குறைவாகவே இருக்கிறது. ஓசை இல்லை, பொடி இல்லை, துருத் தொல்லையும் குறைவு. பிடி மென்மையானது; வண்டி நின்றுவிடும், ஆனால் காலால் உணரும் செய்தி குறைவு. சாலைக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கும்போது பேட்டின் விளிம்பிலோ பின்தகட்டிலோ உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடிப் படிப்பது நல்லது. ‘ஈ’ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து மிதமான சூட்டுக்கும், இரண்டாவது உயர்ந்த சூட்டுக்கும் உரியது. ஒரு சதுர அங்குலத் துண்டை வைத்து ஆய்வகத்தில் எடுக்கும் அளவு இது என்பதாலும், ஒரே எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி பெரியது என்பதாலும், இரண்டு ‘எஃப் எஃப்’ பேட்கள் காலுக்கு ஒன்றுபோல் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எழுத்தே இல்லாத பேட்டை, உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொடுவதில்லை. பிரேக்ஸ் இந்தியா பாடியிலும், ரானே பிரேக் லைனிங் அம்பத்தூரிலும் வேர்கொண்டு வளர்ந்தவை. இந்தியக் கார்களுக்கான உராய்வுப் பொருள்கள் நம் ஊரிலேயே செய்யப்படும்போது பெயர் தெரியாத பெட்டியைத் தேடிப் போக வேண்டிய தேவை என்ன?

பேட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் பின் டிரம்முக்குள் உராயும் ஷூவை மறந்துவிடுகிறார்கள். ஒற்றைக் கோனைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் பின்சக்கரம் உடனே பூட்டிக்கொள்ள வேண்டும்; ஷூ பளபளவென்று இறுகிப்போயிருந்தாலோ, டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருந்தாலோ, லீவர் மேலே வரும், வண்டி திரும்பாது. புதிய ஷூ போட்டு, இடைவெளியைச் சரிசெய்து, பிறகு கேபிளை இறுக்கிய நாளில் எனக்குக் கிடைத்த முன்னேற்றம், விலை உயர்ந்த முன் பேட்டால் ஒருநாளும் கிடைக்கவில்லை.

எந்த பேட்டானாலும் அதைப் பழக்கும் முறை ஒன்றுதான். விடியற்காலையில் வெளிவட்டச் சாலையின் மீஞ்சூர் முனையில், பின்னால் வண்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 60-இலிருந்து 15 வரை நிற்காமல் பலமுறை மிதமாகக் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுவேன். இதில் டிஸ்க்கின் மேல் பேட்டின் மெல்லிய படலம் சீராகப் படிகிறது. சூடான நிலையில் நின்று மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் ஓரிடத்தில் மட்டும் படலம் தடித்து, பின்னர் ஸ்டியரிங் அதிரும். பல வொர்க்‌ஷாப்களில் இதைத்தான் டிஸ்க் வளைந்துவிட்டதாகச் சொல்லி மாற்றிவிடுகிறார்கள். ஒரு வகை பேட்டிலிருந்து வேறு வகைக்கு மாறும்போது பழைய படலத்தை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட வேண்டும்.

ஒருமுறை வலப்பக்க பேட் மட்டும் வேகமாகத் தேய்ந்தபோது, தண்டையார்பேட்டை மெக்கானிக், பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றிக் கையில் கொடுத்து, “பேட்டுல ஒண்ணுமில்ல சார், பின்னுதான் ஜாம் ஆயிருக்கு. உப்புக்காத்துக்கு இது வருசா வருசம் வரும்” என்றார். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் காலிப்பர் வழுக்கி நகரும் பின்களை உருவித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் தடவுவது வழக்கமாகிவிட்டது. சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும். பிரேக் ஆயில் டாட் 4, அதாவது புதிதாக இருக்கையில் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையாதது. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கக்கூடியது என்பதால், இந்த ஊர்க் காற்றில் ஆண்டுதோறும் மாற்றுகிறேன்.

இப்போது காரில் மீண்டும் கம்பெனி பேட்தான் இருக்கிறது, பின்னால் புதிய ஷூ. விலை உயர்ந்த பேட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத் தொகை டயருக்குப் போயிற்று. பேட்டின் தடிமன் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அடுத்த செட்டும் இதே வகையில்தான் வாங்குவேன். இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டும் எண்ணம் வந்தால், அதற்குத் தனி பேட்டும் தனி டிஸ்க்கும் வாங்கிக் கொள்வதுதான் சரி.