பித்தப்பைக் கல்: லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா?

கடலூரில் ஸ்கேன் எடுத்து, பித்தப்பையில் கல் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நம்மில் பாதிப் பேர் அடுத்து ஏறுவது பாண்டி பஸ்தான். அங்கே இப்போது புதிதாக ஒரு யோசனை சேர்ந்துகொள்கிறது: பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷனை ரோபோவில் செய்துகொள்ளலாமா?

ரோபோ தானாக வெட்டாது, வெட்டுவது டாக்டர்தான். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் முறையில், மேசை ஓரமாக நின்று நீளக் கம்பிக் கருவிகளைப் பிடிக்கிறார். ரோபோவில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைப்பிடிகளை அசைக்கிறார். உள்ளே கருவியின் நுனி மணிக்கட்டு மாதிரி வளைந்து திரும்பும். நோயாளிக்கு என்ன மாறுகிறது என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டிலும் வழக்கமாக நாலு சின்னத் துளை, கார்பன் டை ஆக்சைடு ஊதி உப்பவைத்த வயிறு, அதனால் ஓரிரு நாள் தோள்பட்டை வலி. பெரும்பாலானவர்கள் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம்.

மணிக்கட்டு மாதிரி திரும்பும் நுனி, குறுகலான இடத்தில் தையல் போட அருமையானது. புரோஸ்டேட், மலக்குடல் ஆபரேஷன்களில் ரோபோவுக்கு மவுசு வந்தது அதனால்தான். பித்தப்பையை எடுக்கப் பெரும்பாலும் உள்ளே தையலே கிடையாது. பையின் குழாயையும் ரத்தக் குழாயையும் பிரித்து, தெளிவாகப் பார்த்து, கிளிப் போட்டு வெட்டுவதுதான் வேலை. ஆபத்தும் அங்கேதான். ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய பித்தக் குழாயைத் தவறி வெட்டிவிட்டால் மறு ஆபரேஷன், நீண்ட அவதி.

அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் இருந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அலசி 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆபரேஷன் செய்து சரிப்படுத்த வேண்டிய அளவுக்குக் குழாய்க் காயம் ரோபோவில் 0.7 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 0.2. சின்ன எண்கள்தான். ஆனாலும் கூடுதல் காசு கொடுத்து யாரும் இதை வாங்க மாட்டார்கள். ரோபோக் கருவிகளை இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு உண்டு. அந்தச் செலவும் பில்லில்தான் ஏறும்.

வயிற்றைத் திறந்து செய்வது 1882-லிருந்து இருக்கும் முறை. பை சுற்றிலும் ஒட்டிப்போயிருந்தால் பாதியில் அதற்கு மாறுவார்கள். அது டாக்டரின் நிதானம், அதற்காகக் கோபப்படாதீர்கள்.

என் ஓட்டு லேப்ராஸ்கோப்பிக்குத்தான். ஜிப்மரோ தனியாரோ, மெஷின் பெயரை விட்டுவிட்டு “மாதத்துக்கு எத்தனை பித்தப்பை செய்கிறீர்கள், சார்?” என்று கேளுங்கள். வலியே இல்லாமல், வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது என்றால், பெரும்பாலும் ஆபரேஷனே தேவைப்படாது, அதையும் கேட்டுவிடுங்கள்.