பழைய லேப்டாப்புக்கு மின்ட்டா, டெபியனா?

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய லேப்டாப். விண்டோஸ் 11 ஏறாது என்றதும் லினக்ஸுக்கு மாறினேன். டெபியன், மின்ட் இரண்டும் லினக்ஸ் வகைகள். முதலில் டெபியன் 12, இரண்டு வாரம். பிறகு மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற எடைகுறைந்த டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

வேகத்தில் சொல்ல ஒன்றுமில்லை. 4 ஜிபி ரேமில் இரண்டும் ஒரே மாதிரிதான். தமிழ்த் தட்டச்சும் இரண்டிலும் சரி. எனக்கு முடிவைச் சொன்னது வைஃபை.

2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரிலேயே தனியுரிம ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. இனி வைஃபை கவலை இல்லை என்று நம்பிவிட்டேன். ஆனால் ஃபர்ம்வேர் வேறு, டிரைவர் வேறு. முன்னது கார்டுக்குள் ஏற்றும் கோப்பு, பின்னது லினக்ஸின் மையமான கெர்னலோடு ஓடும் மாட்யூல். என் வைஃபை கார்டு கேட்டதோ மூல நிரல் திறக்கப்படாத, மூடிய டிரைவர். அது இருப்பது டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் 'நான்-ஃப்ரீ' பிரிவில். அந்தப் பிரிவை நாமேதான் சேர்க்க வேண்டும். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும், லேன் போர்ட்டும் கிடையாது. ஒரு ஞாயிறு முழுக்கப் போராடிய பிறகு ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங் போட்டேன். உடனே நெட் வந்தது. புதிதாக வருகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அந்த மாட்யூலை டிகேஎம்எஸ் என்ற கருவி மறுபடி கம்பைல் செய்யும். அதற்கு அந்தந்தக் கெர்னலின் ஹெட்டர், அதாவது கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள், வேண்டும். நான் அப்போதைய கெர்னலுக்கு மட்டும் போட்டிருந்தேன். அடுத்த அப்டேட்டில் வைஃபை போய்விட்டது. 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64' என்ற பொதுத் தொகுப்பைப் போட்டிருந்தால் புது ஹெட்டரும் கூடவே வந்திருக்கும்.

மின்ட்டில் டிரைவர்களைத் தேடிப் போடும் டிரைவர் மேனேஜரைத் திறந்தேன். நெட் இல்லை என்றதும் இன்ஸ்டால் செய்த பென்டிரைவையே செருகச் சொன்னது. டிரைவர் அதிலேயே இருந்தது. ஹெட்டரை நான் தேடவே இல்லை. அதன்பின் எத்தனையோ கெர்னல் அப்டேட் வந்தும் வைஃபை ஒருநாள்கூட நின்றதில்லை. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீபூட்டில் நீலத்திரை வரும். பத்து விநாடிக்குள் ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் எம்ஓகே' (டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவது) போய் அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். தவறவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில் நான் இரண்டையும் போட்டுப் பார்த்ததில்லை. 32 பிட் ப்ராசசர் என்றால் மின்ட் 22 ஏறாது. அங்கே டெபியன் 12தான்.